குமிழி சீபேப்பில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைத் தேடுவது

குறைமாதக் குழந்தைப் பிரிவுக்குப் புதிதாக இடமாற்றம் பெற்று வந்து, முதல் வாரத்திலேயே நைட் டியூட்டியில் நிற்கும் தாதிமாருக்காக இதை எழுதுகிறேன். மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கு மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் குமிழி சீபேப் கருவியைப் பற்றியது இது. புதிதாக வரும் டொக்டர்மாருக்கும் உதவும். மலையகத்துக் குழந்தை வார்டுகளில் பல வருடம் நின்றவள் நான். கன்சல்டன்ட் குவாட்டர்ஸில் இருப்பார், டியூட்டி டொக்டர் லேபர் ரூமில் இருப்பார். குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பது நாம் மட்டும்தான். அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வந்து சேரும் வரையான அந்த ஐந்து நிமிடத்தில் எதை முதலில் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

சரியாக ஓடும்போது எப்படி இருக்கும்

இது தெரியாமல் பிழையைத் தேட முடியாது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டாமல் வைத்திருக்கும் சர்ஃபக்டன்ட் என்ற பொருள் போதாது. அதனால் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் காற்றுப்பைகள் சுருங்கி, ஈரமான பொலித்தீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிவிடும். அடுத்த மூச்சுக்கு அதைப் பிரித்தெடுக்க அந்தச் சின்ன உடம்பு படும் பாடுதான் நெஞ்சு உள்வாங்குவதாகத் தெரிகிறது. முனகலும் அதே கதைதான். தொண்டையைப் பாதி மூடி, காற்று முழுவதும் வெளியே போய்விடாமல் குழந்தை தானே பிடித்துவைக்கப் பார்க்கிறது. சீபேப் அந்தப் பிடித்துவைக்கும் வேலையைக் குழந்தையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. 1971இல் ஜோர்ஜ் கிரெகரியும் அவருடைய குழுவினரும் இந்தத் தொடர் அழுத்த முறையைப் பற்றி முதலில் எழுதியபோது, சிகிச்சை பெற்ற 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

நம் குமிழி சீபேப்பில் மர்மம் எதுவும் இல்லை. பிளெண்டரில் கலந்த காற்றும் ஒட்சிசனும் ஹியூமிடிஃபயரில் சூடாகி, ஈரமாகி, புரோங் (இரண்டு மூக்குத் துவாரத்திலும் செருகும் சின்ன இரட்டைக் குழாய்) வழியாக மூக்குக்கு வருகிறது. மிச்சக் காற்று இன்னொரு குழாயில் போய், போத்தல் தண்ணீருக்குள் குமிழியாக வெளியேறுகிறது. குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, அதுதான் அழுத்தம். பெரும்பாலும் 5 அல்லது 6 செ.மீ.யில் தொடங்குவோம், தேவைப்பட்டால் டொக்டர் 7, 8 வரை கூட்டுவார். ஃப்ளோ, அதாவது காற்று ஓடும் அளவு, அனேகமாக நிமிடத்துக்கு 5 முதல் 8 லீட்டர். போத்தலில் மெல்லிய குமிழி விடாமல் வரும். குழந்தை முனகாமல், நெஞ்சு அதிகம் உள்வாங்காமல், கை கால் மடித்துத் தூங்கும். ஒட்சிசன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைக்குச் சச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்திருக்கும் சதவீதம், 90க்கும் 95க்கும் நடுவில் நிற்கும்.

டியூட்டி கையேற்கும்போது இத்தனையையும் நீங்களே கண்ணால் பாருங்கள். முந்தின டியூட்டிக்காரர் எழுதி வைத்ததைப் பிரதி எடுக்க வேண்டாம்.

குமிழி வரவில்லை

எங்கோ காற்று கசிகிறது, அல்லது காற்றே வரவில்லை. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். புரோங்கைக் குழந்தையின் மூக்கிலிருந்து எடுத்து, கையுறை போட்ட விரலால் இரண்டு துவாரத்தையும் அடைத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடி போதும்.

குமிழி வந்தால் குழாய், போத்தல், ஹியூமிடிஃபயர் எல்லாம் சரி. பிழை குழந்தையின் மூக்கிலோ வாயிலோ இருக்கிறது. குமிழி வராவிட்டால் பிழை கருவியில். இதைச் செய்யாமல் எல்லாக் குழாயையும் கழற்றிக் கழற்றிப் பூட்டுவதில் போகும் நேரம் குழந்தையின் நேரம்.

கருவியில்தான் பிழை என்றால் காற்று புறப்படும் இடத்திலிருந்து வாருங்கள். ஃப்ளோ மீட்டரில் குண்டு மேலே நிற்கிறதா? யாராவது சுத்தம் செய்யும்போது திருகு பட்டுக் குறைந்திருக்கலாம். சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். ஹியூமிடிஃபயர் கிண்ணத்தின் மேல் இருக்கும் துவாரங்கள்தான் நான் அதிகம் பிழை கண்ட இடம்: வெப்பம் அளக்கும் கம்பி செருகும் துளை, தண்ணீர் நிரப்பும் துளை. தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியைப் போடாமல் விட்டால் காற்று முழுவதும் அங்கேயே போய்விடும். புரோங்கின் முழங்கை மாதிரியான இணைப்பில் அழுத்தம் அளக்க ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் மூடி பட்டாணி அளவுதான், கட்டில் விரிப்பில் விழுந்தால் தெரியாது. கடைசியாகப் போத்தல். தண்ணீர் ஆவியாகிக் குறைந்து குழாயின் நுனி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்.

மூக்கில்தான் பிழை என்றால் பெரும்பாலும் புரோங் சின்னது. சின்னது போட்டால் மூக்குக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. சின்னப் புரோங்கில் காற்று கசியும், கசிவதால் நாம் உள்ளே தள்ளித் தள்ளி வைப்போம், இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் மூக்குத் தண்டு புண்ணாகும். துவாரத்தை நிறைக்க வேண்டும், ஆனால் ஓரம் வெளுக்கக் கூடாது. அதுதான் அளவு. எடைக்கு ஏற்ற அட்டவணை பெட்டியில் இருக்கும். அதில் தொடங்குங்கள், முடிவை அந்தக் குழந்தையின் மூக்கைப் பார்த்து எடுங்கள். தொப்பி தளர்ந்திருந்தாலும் புரோங் நழுவும். தொப்பி புருவத்துக்கு மேல் வரை இறங்கி, காதை மூடி, பின்கழுத்து வரை இருக்க வேண்டும்.

வாய் திறந்திருந்தால் அதன் வழியாகவும் போகும். குழந்தை அழும்போது கொஞ்ச நேரம் குமிழி நிற்பதற்குப் பயப்பட வேண்டாம். தூக்கத்திலும் வாய் திறந்தே கிடந்து சச்சுரேஷனும் இறங்கினால், தாடையை மெல்லத் தாங்கும் பட்டி போடலாம், சூப்பி கொடுக்கலாம். இறுக்கிக் கட்டக் கூடாது. வாந்தி வந்தால் வெளியே வர வழி வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: குமிழி வரவில்லை என்றதும் ஃப்ளோவைக் கூட்டுவது. 8 லீட்டரில் வராத குமிழி 12இல் வரலாம், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். குளிர்ந்த காற்றும் இரைச்சலும் மூக்கு வறட்சியும்தான் குழந்தைக்குக் கிடைக்கும்.

குமிழி நன்றாக வருகிறது, குழந்தை மோசமாகிறது

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். போத்தலில் குமிழி வருவதைப் பார்த்தால் மனம் ஆறிவிடும். ஆனால் குமிழி சொல்வது ஒன்றே ஒன்று: குழாயில் கசிவு பெரிதாக இல்லை. அழுத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது சொல்லாது. சற்று முன் சொன்ன சோதனையை நினைத்துப் பாருங்கள். விரலால் அடைத்தபோது குமிழி வந்தது. அந்த விரலின் இடத்தில் கெட்டியான சளி இருந்தாலும் குமிழி வரும்.

ஒரு முறை 1.2 கிலோ குழந்தை ஒன்று. மணிக்கொரு தடவை 'குமிழி நன்று' என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்தும் அதில் உண்டு. சச்சுரேஷன் 92இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, ஒட்சிசன் 25இலிருந்து 40 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. புரோங்கை எடுத்துப் பார்த்தபோது இரண்டு மூக்கிலும் சளி காய்ந்து கோந்து மாதிரி அடைத்திருந்தது. ஹியூமிடிஃபயர் கிண்ணத்தில் தண்ணீர் தீர்ந்து எத்தனை நேரம் ஆயிற்றோ. இரண்டு சொட்டு சேலைன் விட்டு, மெல்லச் சக்ஷன் செய்ததும் பத்து நிமிடத்தில் ஒட்சிசனைத் திரும்பவும் 25க்கு இறக்க முடிந்தது. அன்றிலிருந்து என் குறிப்பில் 'குமிழி' ஒரு வரி, 'நெஞ்சுக்குக் காற்று போகிற சத்தம்' வேறொரு வரி. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்காமல் இரண்டாவது வரியை எழுதுவதில்லை.

ஆகவே குமிழி இருந்தும் குழந்தை சிரமப்பட்டால்: புரோங்கை எடுத்து மூக்கைப் பாருங்கள், சளி இருந்தால் எடுங்கள். வாய்க்குள்ளும் பாருங்கள். கழுத்து மடங்கியிருக்கிறதா? தோளுக்கடியில் சின்னத் துணிச் சுருள் வைத்து, மூக்கு கூரையைப் பார்க்கிற மாதிரி நேராக்குங்கள். அதிகம் பின்னால் சாய்த்தாலும் மூச்சுவழி அடைபடும். புரோங் மடிந்திருக்கிறதா, மூக்கின் பக்கச் சுவரில் முட்டுகிறதா? வயிறு உப்பி நெஞ்சை மேலே தள்ளுகிறதா? இத்தனையும் சரி, ஆனாலும் உள்வாங்கல் கூடுகிறது என்றால் நோய்தான் கூடுகிறது. ஒட்சிசனை மட்டும் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சர்ஃபக்டன்ட் கொடுப்பதா, அழுத்தத்தைக் கூட்டுவதா, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் போடுவதா என்று டொக்டர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. சர்ஃபக்டன்ட் பிந்தினால் பலன் குறையும்.

குமிழி கொதிப்பதுபோல் வருகிறது

ஃப்ளோ அதிகம். குமிழி விடாமல் வரும் மிகக் குறைந்த அளவு வரை இறக்குங்கள். இறக்கியும் குறையாவிட்டால் ஆழத்தைப் பாருங்கள். குழாய் மேலே நழுவியிருக்கும்.

குழாயில் தண்ணீர் தேங்குகிறது

கொழும்பில் பயிற்சி பெற்று வருகிறவர்கள் இங்கே முதலில் தடுமாறுவது இதில்தான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெளியே 10 பாகைக்குக் கீழே போகும்; புல்லில் உறைபனி பூக்கும் நாட்களும் உண்டு. ஹியூமிடிஃபயரிலிருந்து 37 பாகைச் சூட்டில் ஈரம் நிறைந்து புறப்படும் காற்று, குளிர்ந்த அறையில் நீண்ட குழாயில் வரும்போது, தேத்தண்ணி குடிக்கும்போது கண்ணாடியில் ஆவி படிவதுபோலக் குழாய்ச் சுவரில் படிகிறது. படிந்தது சேர்ந்து ஒரு மடிப்பில் குளமாகிறது.

காற்று வரும் குழாயில் தேங்கிய தண்ணீர் குழந்தையைத் திருப்பும்போது மூக்குக்குள் ஓடும். மூச்சு நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து. வெளியேறும் குழாயில் தேங்கினால் வேறு சிக்கல்: காற்று அந்தத் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதனால் போத்தலில் 5 செ.மீ. காட்டினாலும் மூக்கில் அதைவிட அதிகம் இருக்கும். குமிழி விட்டுவிட்டு, 'குபுக் குபுக்' என்று வருவது அதன் அடையாளம். வழிந்து போத்தலுக்குள் போகும் தண்ணீரும் மட்டத்தை உயர்த்தி அழுத்தத்தைக் கூட்டும். கோடு போட்ட மட்டத்துக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீரை வடிக்கும்போது குழந்தைக்கு எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். குழந்தைப் பக்கம் உயர்ந்து, ஹியூமிடிஃபயரும் போத்தலும் குழந்தையைவிடத் தாழ்ந்து இருக்கட்டும். குழாய் நடுவில் தொங்கிக் கிடக்கக் கூடாது. உள்ளே சூடேற்றும் கம்பி உள்ள குழாய் என்றால் அதன் பிளக் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்; கழற்றிக் கழுவி மாட்டும்போது மறந்துவிடும் பிளக் அது. வெப்பம் அளக்கும் கம்பியின் நுனி இன்கியுபேட்டருக்குள் இருந்தால் அது இன்கியுபேட்டர் சூட்டை அளந்து, காற்று சூடாக இருக்கிறது என்று ஹியூமிடிஃபயருக்குத் தப்புச் சொல்லும். அது வெளியே இருக்க வேண்டும். மேலிருந்து சூடு கொடுக்கும் வார்மருக்குக் கீழே என்றால் அந்த நுனியை மறைத்து வையுங்கள்.

சிலர் தண்ணீர் வருகிறதே என்று ஹியூமிடிஃபயரின் சூட்டைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் நின்றுவிடும்தான், ஆனால் மூக்குக்குப் போவது வறண்ட குளிர்க் காற்று. மேலே சொன்ன கோந்துச் சளி அப்படித்தான் உண்டாகிறது. அறையைச் சூடாக்குங்கள். ஜன்னல் இடுக்கை அடையுங்கள், ஹீட்டரைப் போடுங்கள், கட்டிலை வெளிச்சுவர்ப் பக்கமிருந்து உள்ளே நகர்த்துங்கள்.

சச்சுரேஷன் ஏறவில்லை

மொனிட்டரை நம்பும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த பாதத்தில் கட்டிய சென்சர் சரியாகச் சொல்லாது. மொனிட்டரில் வரும் நாடித்துடிப்பும், நீங்கள் ஸ்டெதஸ்கோப்பில் எண்ணும் இதயத்துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சச்சுரேஷன் இலக்கத்தை விட்டுவிடுங்கள். சென்சரை வலது கைக்கு மாற்றுங்கள். ஃபோட்டோதெரபி வெளிச்சம் படாமல் துணியால் மூடுங்கள். உடல் வெப்பம் 36.5க்கும் 37.5க்கும் இடையில் இருக்கிறதா? குளிர்ந்த குழந்தை தன்னைச் சூடாக்கவே ஒட்சிசனைச் செலவழித்துவிடும். தோட்டத்திலிருந்து முச்சக்கரவண்டியில் வந்த குழந்தை என்றால் முதலில் வெப்பமானிதான்.

அப்புறம், உயரம். சமவெளியில் எழுதிய புத்தகத்தில் இது இருக்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றில் ஒட்சிசன் இங்கேயும் அதே 21 சதவீதம், ஆனால் நுரையீரலுக்குள் தள்ளும் வலு குறைவு. கணக்குப் பார்த்தால், கொழும்பில் சாதாரணக் காற்று கொடுக்கும் அளவு ஒட்சிசனை நுவரெலியாவில் கொடுக்க ஏறக்குறைய 27 சதவீதம் வேண்டும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட அளவு. பதுளை இன்னும் தாழ்வு என்பதால் வித்தியாசம் கொஞ்சம்தான்.

போத்தல் தண்ணீரின் ஆழத்துக்கு இந்தக் கணக்கு இல்லை. 5 செ.மீ. என்பது சுற்றியுள்ள காற்றுக்கு மேலே 5 செ.மீ.; மலையிலும் கரையிலும் ஒன்றுதான். மாறுவது ஒட்சிசன் மட்டும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்? '30 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் சர்ஃபக்டன்ட்டை யோசி' என்பது போன்ற வரம்புகள் பெரும்பாலும் தாழ்நில வைத்தியசாலைகளில் பிறந்தவை. நம்முடைய 30, கீழே ஏறக்குறைய 24க்குச் சமம். இதை வைத்து நாமாக வரம்பை உயர்த்திக்கொள்ளக் கூடாது. உள்வாங்கலும் முனகலும் கூடினால் இலக்கம் என்னவாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆனால் கண்டி டொக்டரிடம் ஃபோனில் பேசும்போது '30 சதவீதம்' என்று மட்டும் சொல்லாமல், எந்த ஊரில் இருந்து, எவ்வளவு உள்வாங்கலோடு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

குழந்தையை றம்பொடை வழியாகக் கண்டிக்கு அனுப்பும்போது இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். கண்டி ஏறக்குறைய 500 மீட்டர். வளைவு வளைவாக இறங்க இறங்க, அதே ஒட்சிசனில் சச்சுரேஷன் தானாகவே ஏறும். 97, 98 என்று ஏறுவதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஒட்சிசனை இறக்கிக்கொண்டே வாருங்கள். அதிக ஒட்சிசன் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் கெடுக்கும். வார்டிலும் அப்படித்தான். ஒட்சிசன் கொடுக்கும் குழந்தைக்கு மேல் எல்லை அலாரத்தை 95இல் வையுங்கள். அடிக்கடி கத்துகிறது என்று 100க்கு உயர்த்திவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்க்க முடியாமல் நிற்கும்போது நாம் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டோம்.

மூச்சை நிறுத்துகிறது

20 விநாடிக்கு மேல் மூச்சில்லை, அல்லது அதற்கு முன்பே இதயத்துடிப்பு 100க்குக் கீழே இறங்குகிறது, நிறம் மாறுகிறது. உள்ளங்காலையோ முதுகையோ மெல்லத் தேயுங்கள். கழுத்தை நேராக்கி, மூக்கைப் பாருங்கள். அடைப்பினால் நிற்கும் மூச்சில் நெஞ்சு அசையும், காற்று போகாது. மூளை முதிராததால் நிற்பதில் நெஞ்சே அசையாது. தேய்த்தும் மூச்சு வராவிட்டால் பேக்கும் மாஸ்க்கும், நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. பேக் எப்போதும் கட்டிலிலேயே இருக்க வேண்டும். அலுமாரியில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

குறைமாதத்தால் வருவது என்றால் டொக்டர் மூச்சைத் தூண்டும் மருந்தான கஃபீன் சிட்ரேட் எழுதுவார், முதல் அளவு வழக்கமாகக் கிலோவுக்கு 20 மி.கி. ஏற்கெனவே கஃபீன் வாங்கும் குழந்தை, இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று அடிக்கடி நிறுத்தத் தொடங்கினால் கிருமித் தொற்றையும் இரத்தச் சர்க்கரையையும் நினையுங்கள். கருவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வயிறு உப்புகிறது

மூக்கில் தள்ளும் காற்றில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும். அதற்குத்தான் வாய்வழியாக வயிற்றுக்குப் போடும் ஓ.ஜி. டியூப். அது திறந்திருக்க வேண்டும், அதன் வெளிமுனையில் மாட்டிய சிரிஞ்சைக் குழந்தைக்கு மேலே தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். பால் கொடுத்துவிட்டு மூடியவர் திறக்க மறந்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு பானையாகும். பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் காற்றை இழுத்து எடுங்கள்.

காற்றினால் உப்பிய வயிறு மெத்தென்று இருக்கும், தொட்டால் குழந்தை சிணுங்காது, மலமும் போகும். தொட்டதும் நோகிறது, தோல் மினுங்குகிறது அல்லது நிறம் மாறுகிறது, டியூபில் பச்சையாக வருகிறது, மலத்தில் இரத்தம்: இதில் எது இருந்தாலும் பாலை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். குடல் அழற்சி சில மணி நேரத்தில் முற்றும்.

மூக்குத் தண்டு சிவக்கிறது

சிவப்பு என்பதே பிந்திய அறிகுறி. அதற்கு முன்பே தோல் வெளுத்திருக்கும். புரோங்கின் நடுப்பாலத்துக்கும் மூக்குத் தண்டுக்கும் இடையில் 2, 3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தொப்பிப் பட்டியும் மேலுதட்டு வெல்க்ரோவும் சரியில்லை. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நாசி மாஸ்க் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். வெளுத்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவினால் புரோங் வழுக்கி இன்னும் உள்ளே போகும்.

தண்டு ஒரு தடவை அழிந்தால் அந்தத் தழும்பு முகத்தோடு வளரும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திடீரென்று நீலமாகிறது, ஒரு பக்க நெஞ்சு அசையவில்லை

நுரையீரல் கசிந்து நெஞ்சுக்குள் காற்று சேர்ந்திருக்கலாம். 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 25 முதல் 28 வாரக் குழந்தைகளை 8 செ.மீ. அழுத்தத்தில் சீபேப்பில் தொடங்கியபோது 9 சதவீதத்தினருக்கு இது வந்தது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டவர்களில் 3 சதவீதம். அழுத்தத்தைக் கூட்டும்போதெல்லாம் அதை நினைவில் வைத்திருங்கள். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு, இதயச் சத்தம் இடம் மாறிக் கேட்பது, இரத்த அழுத்தம் இறங்குவது அடையாளம். லைட்டை அணைத்து, சூடேறாத ஒளிக்கருவியை நெஞ்சில் வைத்தால் காற்று சேர்ந்த பக்கம் சிவந்து ஒளிரும். எக்ஸ்ரே வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத நேரமும் உண்டு. ஊசியும் மூன்றுவழிக் குழாயும் தட்டில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டே டொக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்க வேண்டும். மாஸ்க்கால் பலமாகக் காற்றடித்தால் கசிவு பெருகும்.

கரண்ட் போய்விட்டது

மழைக்காலத்தில் மரம் விழுந்து, மண்சரிந்து லைன் போவது நமக்குப் பழகியது. காற்று கொடுக்கும் கொம்ப்ரசர் நின்றால் பிளெண்டர் விசில் அடிக்கும். அந்த விசிலை அடக்கிவிட்டுப் போகாதீர்கள். காற்று வராமல் ஒட்சிசன் மட்டும் வந்தால் பிளெண்டர் குழந்தைக்கு 100 சதவீத ஒட்சிசனையே அனுப்பும், நீங்கள் 30இல் வைத்திருந்தாலும்.

காற்றுச் சிலிண்டரும் ஒட்சிசன் சிலிண்டரும் தனித்தனி ஃப்ளோ மீட்டரோடு இருந்தால் பிளெண்டர் இல்லாமல் கலக்கலாம். 7 லீட்டர் காற்றும் 1 லீட்டர் ஒட்சிசனும் சேர்ந்தால் ஏறக்குறைய 31 சதவீதம். 6க்கு 2 என்றால் 41 சதவீதம். இந்த இரண்டையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இருட்டில் கணக்குப் போட வராது.

குமிழிப் போத்தலுக்கு மின்சாரம் தேவையில்லை, அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் ஹியூமிடிஃபயர் ஆறிவிடும். கரண்ட் திரும்பியதும் மூக்கைத் திறந்து பாருங்கள். குழந்தை நிலையாக இருந்தால் அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோல் வைத்துப் போர்த்துங்கள். சீபேப்போடும் அது முடியும், எந்த ஹீட்டரையும்விட நம்பகமானது.

அம்மா அழுகிறார்

இதையும் அறிகுறிகளில் சேர்க்கிறேன். தோட்டப் பகுதியில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறக்கிறார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும். "மூக்குல குழா போட்ட புள்ள பொழைக்காதுன்னு அம்மாயி சொல்லுது மிஸ்" என்று கொழுந்து பறிக்கிற ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள். அதற்குள் அவளுக்குப் பால் வற்றத் தொடங்கியிருந்தது.

"இது மூச்ச பிடிச்சி வைக்கிற குழா தங்கச்சி. மூச்சு ஒம் புள்ளதான் விடுது, மெசினு விடல. ஒம் பாலு குடுத்தா சீக்கிரம் கழட்டிருவோம்" என்று சொல்லி, போத்தலைக் காட்டினேன். குழந்தையின் கையைப் பிடிக்க வைத்தேன். அம்மாயியையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டச் சொல்லிச் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டேன். வீட்டில் முடிவைச் சொல்வது அந்த அம்மாயி என்றால், அவருக்கும் விளங்க வேண்டும். தாய் அருகில் இருந்தால் குழந்தை புரோங்கைத் தட்டிவிடுவதும் குறைகிறது. மேலும், முகம் சுளிப்பதையும் முனகல் திரும்புவதையும் நமக்கு முன் கண்டுபிடித்துச் சொல்வது பெரும்பாலும் அவள்தான். அவள் "என்னமோ மாதிரி இருக்கு மிஸ்" என்று சொன்னால் மொனிட்டர் நன்றாக இருந்தாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.

கழற்றிய பிறகு திரும்பவும் சிரமப்படுகிறது

5 செ.மீ.யில், ஒட்சிசன் 21 சதவீதத்துக்குப் பக்கத்தில், ஒரு நாளாவது முனகலும் மூச்சு நிறுத்தலும் இல்லாமல் இருந்தால்தான் கழற்றும் பேச்சு. மிகச் சிறிய குழந்தைக்கு அவசரமே வேண்டாம். நுரையீரல் வளர அழுத்தம் உதவுகிறது. கழற்றி முதல் சில மணி நேரம் நன்றாக இருந்து, நடு இரவில் களைத்துப் போகிற குழந்தைகள் நிறைய. மூச்சு 60க்கு மேல், மூக்கு விரிகிறது, பால் குடிக்கும்போது நிறம் மாறுகிறது என்றால் திரும்பவும் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகவே கழற்றிய அன்று சர்க்கியூட்டைக் கழுவ அனுப்பிவிடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் அதே கட்டிலுக்குப் பக்கத்தில், சுத்தமாக மூடி, போத்தலில் 5 செ.மீ. வரை தண்ணீரோடு, அந்தக் குழந்தையின் அளவுத் தொப்பியையும் புரோங்கையும் சேர்த்துத் தயாராக வைத்திருங்கள்.